சூசைதாசனிடம் மன்னிப்புக் கேட்கப் போனது

ஒருவரைக் கொன்றதற்காக அவரிடமே மன்னிப்புக் கேட்டு வரத்தான் நான் யாழ்ப்பாணம் போனேன். கொன்றது நான் அல்ல, ஹலினா. போலந்துக்காரர். வார்சாவில் மூன்றாம் மாடியில் இரண்டு பூனைகளோடு வசிப்பவர். சம்பளத்துக்குப் பத்திரிகையாளர், மற்ற நேரத்தில் சிறுகதை எழுதுபவர். அவருடைய குடும்பப் பெயரை ஐந்து வருடமாகக் கடித உறையில் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்; வாய்விட்டுச் சொல்லும் துணிச்சல் இன்னும் வரவில்லை. திருச்சியில் வங்கிக் குமாஸ்தாவான நான்தான் அவருக்குத் தமிழில் இருக்கும் ஒரே மொழிபெயர்ப்பாளன். நான் நடத்தும் சிறுபத்திரிகையில்தான் அவருடைய கதைகள் தமிழில் வந்தன. அதனால் அவர் ஒரு வேலை சொன்னால் தட்ட முடியாது.

கடிதத்தில் இப்படி எழுதியிருந்தார்: "குருநகரில் சூசைதாசன் என்ற மீனவர் வீட்டில் மூன்று நாள் சாப்பிட்டேன். அவரைப் படம் எடுத்தேன், அனுப்புகிறேன் என்று சொல்லி ஏமாற்றிவிட்டேன். போதாததற்கு ஒரு கதையில் அவரைச் சாகடித்தும்விட்டேன். இந்தப் படத்தைக் கொடுத்து என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள். சிரிப்பார். சிரிக்கும்போது மேல்பல் ஒன்று இல்லாதது தெரியும்."

இந்திய ராணுவம் அங்கிருந்து திரும்பக் கப்பலேறிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வெடிச்சத்தம் ஓய்ந்திருந்தது. ஒரு போட்டோவைக் கொடுக்க அவ்வளவு தூரமா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கும் ஆசை இருந்தது. நான் மொழிபெயர்த்த கதையில் செத்துப்போன மனிதனை உயிரோடு பார்க்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

முதல் நாள் முழுக்கப் பஸ்ஸிலேயே போனது. ஆனையிறவு தாண்டிக் கொஞ்சதூரம் வந்ததும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. "சில்லு காத்துப் போட்டுது. எல்லாரும் இறங்கி நிழலிலை நில்லுங்கோ" என்றார் கண்டக்டர். நிழல் எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. எங்கள் பக்கமாக இருந்தால் இதற்குள் டிரைவருக்கு ஆளுக்கொரு யோசனை சொல்லிச் சண்டை மூண்டிருக்கும். இங்கே எல்லோரும் பேசாமல் இறங்கி, பேசாமல் நின்றார்கள். பழகிப்போன பொறுமை அது. அதைப் பார்க்க எனக்கு ஏனோ பயமாக இருந்தது.

மாற்றுச் சக்கரம் வரும்வரை பையிலிருந்த ஹலினாவின் பழைய கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஆறு வயதானபோது போர். அப்பா ஒரு காலை ரொட்டி வாங்கப் போனார், திரும்பவில்லை. செத்தார் என்று சொல்ல ஆளில்லை, பிடித்துப் போனார்கள் என்று சொல்லவும் ஆளில்லை. அம்மா அதன்பிறகு பதினோரு வருடம் ஒவ்வொரு வேளைக்கும் மேசையில் அவருக்கு ஒரு தட்டு வைத்தார். "அந்தத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்துதான் நான் வளர்ந்தேன்" என்று எழுதியிருந்தார். இன்னொரு கடிதத்தில் தன் தொழிலைப் பற்றிச் சொல்லியிருந்தார். பையில் எப்போதும் இரண்டு நோட்டுகள். சாம்பல்நிற நோட்டில் கண்ணால் கண்டது மட்டும். சட்டையில் எத்தனை பொத்தான் என்பதுகூட. பச்சை நோட்டில் கற்பனை. அவர் நாட்டில் தணிக்கைக்காரர்கள் செய்தியை வரிவரியாக அரித்து எடுத்துவிட்டுக் கதையைப் புரட்டிப் பார்த்து விட்டுவிடுவார்களாம். கதை எழுத வந்ததற்கு அது பாதிக் காரணம். மீதிக் காரணத்தையும் அவரே எழுதியிருந்தார்: "செய்தியில் நான் காணாமல் போனவர்களை எண்ண மட்டும்தான் முடியும். கதையில் அவர்களை அடக்கம் செய்ய முடியும்."

கொடிகாமத்தில் பஸ் நின்றபோது பசி காதை அடைத்தது. சந்தையில் மாம்பழம் குவிந்து கிடந்தது. கறுத்தக்கொழும்பான் என்றார்கள், அழகில்லாத பச்சைத் தோலுக்குள் அப்படி ஒரு ருசி. தேநீர்க் கடையில் பாணும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டேன். பாண் என்றால் ரொட்டிதான். கடைக்காரர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "ஐயா இந்தியாவோ?" என்றார். ஆமாம் என்றேன். அதுவரை என்னோடு பேசிக்கொண்டிருந்த பக்கத்து மேசைக்காரர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். கடைக்காரர் எதுவும் நடக்காததுபோல இன்னொரு கரண்டி சம்பல் வைத்தார். அதைச் சாப்பிட எனக்குக் கொஞ்சநேரம் பிடித்தது.

இரண்டாம் நாள் காலை குருநகர். வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. சூசைதாசன் என்றதும் ஒரு பெண் வலையை மடித்துக்கொண்டே கைகாட்டினார். கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி பிலோமினா, கறுப்புச் சேலை. எங்கள் ஊரில் கறுப்புக்கு வேறு அர்த்தம் என்பதால் நான் அதைக் கவனிக்கவே இல்லை. பின்னால் பதின்மூன்று வயது மகள் அஞ்சலா, பள்ளிக்கூடச் சீருடையில்.

ஹலினாவின் பெயரைச் சொன்னதும் பிலோமினாவின் முகம் மலர்ந்தது. "வாங்கோ அண்ணை, இருங்கோ. போலந்து மிஸ் அனுப்பினவவோ?" என்றார். எனக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வசனத்தை எடுத்துவிட்டேன்.

"இதுவரைக்கும் அவரைச் செத்துப்போனவராத்தான் எனக்குத் தெரியும். உயிரோட பாக்கலாம்னு வந்திருக்கேன். எங்க, கடலுக்குப் போயிருக்காரா?"

சொல்லிவிட்டு நான் சிரித்தேன். யாரும் சிரிக்கவில்லை. அஞ்சலா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். நானும் திரும்பினேன். சட்டமிட்ட படம், காய்ந்த மாலை, கீழே பாதி எரிந்த மெழுகுதிரி.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"மூண்டு வருசம் ஆகுது அண்ணை" என்றார் பிலோமினா, என்னைத் தேற்றுவதுபோல. "உங்களுக்குத் தெரியுமெண்டெல்லோ நினைச்சனான்."

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஒரு புத்தகம். பிரித்துப் பார்த்தால் என் பத்திரிகை. போன வருட இதழ். ஹலினாவின் கதை 'நன்னீர்' வந்திருந்த பக்கத்தில் பனையோலை நறுக்கு வைத்திருந்தது. மண்டபம் அகதி முகாமிலிருந்து படகில் திரும்பிய ஒருவர் கொண்டுவந்ததாம்.

பிலோமினா சொன்னது இதுதான். எண்பத்தேழாம் ஆண்டு வைகாசியில் சூசைதாசன் விடியற்காலை தனியாக வள்ளத்தில் போனார். வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. இரண்டு வருடம் இவர் காத்திருந்தார். தாலியைக் கழற்றவில்லை. இறந்தவருக்கான முப்பத்தோராம் நாள் பூசையை வைக்கப் பங்குச் சுவாமி, அதாவது ஊர்ப் பாதிரியார், ஒப்பவில்லை. உடலும் இல்லை, கண்டவரும் இல்லை, எதை நம்பி வைப்பது என்றார். அப்போதுதான் இந்தப் புத்தகம் வந்தது.

"பேரை மாத்தி எழுதியிருந்தவ. ஆனா இடக்கைச் சின்னவிரலிலை பாதி இல்லை எண்டு இருக்கு. பச்சைக்கோட்டுச் சாரம் எண்டு இருக்கு. வேறை ஆர்? கீரிமலைக் கரையிலை ஒதுங்கினவராம். அங்கத்தையச் சனம் கேணித் தண்ணியிலை கழுவி, ஒரு பனையடியிலை தாட்டதாம். வாசிச்ச உடனை சுவாமியிட்டை ஓடினன். அவரும் வாசிச்சிட்டுப் பூசை வைச்சார். அதுக்குப் பிறகுதான் அண்ணை நான் நித்திரை கொண்டனான்."

தாட்டது என்றால் புதைத்தது, சாரம் என்றால் லுங்கி. இது கதை என்று உங்களுக்குத் தோன்றவில்லையா என்று மெல்லக் கேட்டேன்.

"இஞ்சத்தையப் பேப்பரை நாங்கள் நம்பிறேல்லை. றேடியோவையும் நம்பிறேல்லை. ஒவ்வொருத்தரும் தங்கடை பக்கத்துக்குச் சொல்லுவினம். வெளிநாட்டு ஆக்கள் எழுதினா நம்புவம். அவைக்குப் பொய் சொல்லி என்ன லாபம்?" என்றார் பிலோமினா. தலைப்பின் மேலே இருந்த வரியைத் தொட்டுக் காட்டினார். "இதிலையும் போட்டிருக்கெல்லோ."

'போலந்துப் பத்திரிகையாளர் யாழ்ப்பாணத்தில் நேரில் கண்டு எழுதியது.' அந்த வரி ஹலினாவுடையதல்ல. நான் போட்டது. சிறுகதை என்று போட்டால் நாலு பேர் படிப்பார்கள், இப்படிப் போட்டால் எட்டுப் பேர் படிப்பார்கள் என்று போட்டது. யாழ்ப்பாணத்தை அவர் நேரில் கண்டது உண்மைதானே என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

பிலோமினா எனக்குக் கூழ் தந்தார். ஒடியல் என்ற காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய கூழ், நண்டும் மீனும் மரவள்ளியும் கலந்து, பனையோலையை மடித்துச் செய்த பிளாவில் சுடச்சுட ஊற்றினார். "உங்களாலைதான் அவருக்கு முப்பத்தொண்டு நடந்தது. நல்லாக் குடியுங்கோ" என்று மறுபடியும் ஊற்றினார். காரம் கண்ணில் நீரை வரவழைத்தது. காரத்தை நான் சாக்காக வைத்துக்கொண்டேன். மன்னிப்பும் கேட்கவில்லை, படத்தையும் கொடுக்கவில்லை.

கிளம்பும்போது அவர் சொன்னதுதான் என்னை நிற்கவிடாமல் செய்தது. வருகிற சனிக்கிழமை பங்குச் சுவாமியும் ஊர்க்காரர்களும் லொறி பிடித்துக் கீரிமலைக்குப் போகிறார்கள். பனையடியைத் தோண்டி, எலும்புகளை எடுத்துவந்து குருநகர்ச் சேமக்காலையில் அடக்கம் செய்யப் போகிறார்கள். சேமக்காலை என்றால் கல்லறைத் தோட்டம். குழியும் வெட்டியாயிற்று.

"எந்தப் பனைன்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

"தாட்ட மனிசனே காட்டினவர். கந்தையா அண்ணை எண்டு, அங்கை தோட்டம் செய்யிறவர். நாளைக்கு நாங்கள் போறம். நீங்களும் வாங்கோ."

 ஹலினா வார்சாவில் உட்கார்ந்து பச்சை நோட்டில் புனைந்த பனையை ஒரு மனிதர் எப்படிக் கைகாட்ட முடியும்?

மறுநாள் விடுதியில் விழித்ததும் பையைக் கவிழ்த்தேன். 'நன்னீர்' கதையை ஹலினாவே ஆங்கிலத்தில் தட்டெழுதி அனுப்பிய பிரதி என்னிடம் இருந்தது. ஒருவேளை அவர் யாரிடமாவது கேள்விப்பட்டு எழுதியிருக்கலாம், கடிதத்தில் சொல்ல மறந்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். கதை முடிந்த இடத்துக்குக் கீழே அவருடைய வழக்கப்படி ஒரு வரி இருந்தது: வார்சா, மார்ச் 1987.

சூசைதாசன் கடலுக்குப் போனது வைகாசியில். ஹலினா அவரைக் கதையில் புதைத்தபோது அவர் இங்கே உயிரோடு வலை வீசிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வரியையும் நான்தான் வெட்டினேன். தமிழ் வாசகனுக்கு எதற்கு வார்சாவும் மார்ச்சும் என்று வெட்டி, அந்த இடத்தில் ஒரு பாத்திரக்கடை விளம்பரத்தைப் போட்டேன். நான் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். 

அன்று தெல்லிப்பழை வழியாகக் கீரிமலை போனோம். மினிபஸ்ஸில் என் மடியில் யாரோ ஒருவரின் வெங்காய மூட்டை. எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் ஒரு கலியாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று சண்டை பிடித்துக்கொண்டு வந்தார்கள். "அவையைக் கூப்பிடாட்டி இவையும் வராயினம்" என்றது ஒரு குரல். உலகம் அதன்பாட்டில் நடந்துகொண்டிருந்தது. பிலோமினா கையில் மெழுகுதிரிப் பொட்டலம், அஞ்சலா கையில் செம்பருத்திப் பூக்கள்.

கீரிமலைக் கேணியில் ஆண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் நல்ல தண்ணீர். ஒரு வாய் அள்ளிக் குடித்தேன், துளி உப்பில்லை. எங்கள் காவிரிக்கரைபோல இங்கேயும் ஒருவர் தர்ப்பை போட்டுத் தகப்பனுக்குப் பிதிர்க்கடன் செய்துகொண்டிருந்தார். ஹலினா இங்கே நின்று இதையெல்லாம் பார்த்திருக்கிறார். தன் அப்பாவுக்குச் செய்யமுடியாத ஒன்றை முன்பின் தெரியாதவர்கள் செய்வதைப் பார்த்திருக்கிறார். கதைக்கு ஏன் இந்தக் கரையைத் தேர்ந்தெடுத்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பனை கொஞ்சதூரத்தில், ஒரு வெங்காயத் தோட்டத்தின் ஓரமாக நின்றது. அடியில் வெள்ளையடித்த மரச்சிலுவை. அதன் காலடியில் ஒரு மண் அகல்விளக்கு. எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் காயவில்லை. நெற்றியில் திருநீறு பூசிய அறுபது வயது மனிதர் மண்வெட்டியோடு வந்தார். அவர்தான் கந்தையா. தாயும் மகளும் முழந்தாளிட்டதும் அவர் என் முழங்கையைப் பிடித்துக் கிணற்றடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பிதானோ அந்தப் புத்தகக்காரர்?"

ஆமாம் என்றேன்.

"இஞ்சை ஒருத்தரையும் தாட்டதில்லை" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"போன வருசம் உவ வந்தா. நல்ல மத்தியான வெயில். பிள்ளையும் கூட. அதுக்குச் செருப்பும் இல்லை. காலமை துவக்கம் ஒவ்வொரு வீடாக் கேட்டுக்கொண்டு வாறா, எந்தப் பனை, எந்தப் பனை எண்டு. எல்லாரும் தெரியாது எண்டினம். என்னட்டை வந்து நிண்டா. என்னாலை தெரியாது எண்டு சொல்ல ஏலாமல் போச்சு. உந்தப் பனையைக் காட்டினன். நீங்களோ தாட்டது எண்டு கேட்டா. ஓம் எண்டன். காட்டினாப்பிறகு சும்மா விடேலுமே? வெள்ளிக்கிழமையளிலை விளக்கும் வைக்கிறன்."

"சனிக்கிழமை தோண்டப் போறாங்க" என்றேன்.

"அதுதான் தம்பி நான் சோறு தண்ணி இல்லாமல் திரியிறன். சுவாமி வருவார், சனம் வரும். தோண்டத் தோண்ட மண்தான் வரும். அவ அதிலை நிண்டு பாத்துக்கொண்டு நிப்பா." அவர் கண்கள் கலங்கியிருந்தன. "எனக்குச் சொல்ல வாய் வரேல்லை. எழுதினது நீங்கள். நீங்கள்தான் சொல்லவேணும்."

எழுதினது நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

திரும்பி வந்து பிலோமினாவின் எதிரே மண்ணில் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. "அவங்க நேர்ல பாக்கலம்மா. யாரும் பாக்கல. அது கதை" என்றது மட்டும் நினைவிருக்கிறது. அவர் நம்பவில்லை. விரல் பாதி என்றார், சாரம் என்றார். அதெல்லாம் உங்கள் வீட்டில் சாப்பிட்டபோது பார்த்து எழுதி வைத்தது என்றேன். தட்டெழுத்துப் பிரதியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அஞ்சலா வாங்கி எழுத்துக்கூட்டினாள்.

"வார்சா. மார்ச். எண்பத்தேழு." அவள் நிறுத்தினாள். விரல்விட்டு ஏதோ எண்ணினாள். "அம்மா, அப்பா போனது வைகாசியிலையெல்லோ?"

பிலோமினா காகிதத்தைப் பார்க்கவில்லை. கந்தையாவைப் பார்த்தார். கந்தையா தலையைக் குனிந்துகொண்டார். அது போதுமாக இருந்தது.

அவர் அழுவார் என்று நினைத்தேன். என்னிடம் திரும்பி மிக நிதானமாகக் கேட்டார்: "புத்தகத்திலை உந்தத் திகதி இல்லையே. ஏன் போடேல்லை?"

"இடம் இல்லம்மா. ஒரு விளம்பரம் இருந்துச்சு."

"என்ன விளம்பரம்?"

"பாத்திரக்கடை."

அவர் அதைக் கொஞ்சநேரம் மனதில் வைத்துப் பார்த்தார். நான் என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. பிறகு எழுந்து சிலுவையை இரண்டு கையாலும் பற்றி ஆட்டினார். ஆழமாக நட்டிருந்ததால் அசையவில்லை. கந்தையா ஓடிவந்து மண்வெட்டியால் சுற்றிக் கொத்திக் கொடுத்தார். இரண்டு பேருமாக அதைப் பிடுங்கினார்கள். அகல்விளக்கு மண்ணுக்குள் போய்விட்டது.

"நீங்கள் அந்த வெயிலிலை எங்களுக்குத் தண்ணி தந்தனீங்கள் அண்ணை, அதை நான் மறக்கேல்லை" என்று மட்டும் கந்தையாவிடம் சொன்னார். "சுவாமியிட்டை நானே சொல்லுறன்."

திரும்பும் மினிபஸ்ஸில் சிலுவையை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு வந்தார். ஒரு முனை வாசலை மறித்தது. ஏறியவர்களும் இறங்கியவர்களும் அதைத் தொட்டு நெஞ்சில் ஒற்றிக்கொண்டு குனிந்து போனார்கள். எதற்காக என்று யாரும் கேட்கவில்லை. நான் இரண்டு இருக்கை தள்ளி நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இடம் இருந்தது, உட்காரத் துணிவில்லை.

குருநகரில் இறங்கியதும் நான் விடைபெறப் பார்த்தேன். "வேறை என்ன தந்துவிட்டவ?" என்று கேட்டார். அப்போதுதான் படத்தை எடுத்துக் கொடுத்தேன். கறுப்பு வெள்ளைப் படம். வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து சூசைதாசன் வாய்கொள்ளாமல் சிரிக்கிறார். மேல்பல் ஒன்று இல்லை. பின்னால் வலைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு சின்னப் பெண். பிலோமினா நடுவீதியில் நின்று அதைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அஞ்சலா தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. எங்கள் ஊரில் இப்படிச் செய்தவனைச் செருப்பால் அடிப்பார்கள். அடித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். தட்டிக்கழிக்க வாய் வரவில்லை, உள்ளே போனேன்.

வீட்டுக்குள் அவர் முதலில் சுவரில் இருந்த படத்தை இறக்கினார். மாலையை உருவி எடுத்துக் கொல்லையில் போட்டார். மெழுகு ஒட்டியிருந்த இடத்தைக் கத்தியால் சுரண்டினார். புதிய படத்தை அஞ்சலா அரிசிப் பசையால் அதே இடத்தில் ஒட்டினாள். பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு சின்னத் துணிப்பொட்டலத்தைப் பிலோமினா எடுத்தார். அதில் தாலி இருந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு கட்டிக்கொண்டார்.

அடுப்பில் பாரைமீன் குழம்பு வெந்துகொண்டிருந்தது. ஹலினாவுக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தேன். படத்தைச் சேர்த்துவிட்டேன் என்று எழுதலாம். மன்னிப்பு? யாரிடம் கேட்டேன், யார் கொடுத்தார்கள்?

பிலோமினா சோற்றுக் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தார். இங்கே தட்டைக் கோப்பை என்பார்கள். எனக்கு ஒன்று, அஞ்சலாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. பிறகு உள்ளே போய், அடுக்குக்கு அடியில் இருந்ததுபோலும், விளிம்பில் பச்சைக்கோடு போட்ட பெரிய கோப்பை ஒன்றைக் கொண்டுவந்து கழுவித் துடைத்துப் படத்துக்கு நேர்கீழே வைத்தார். அதில் சோறு போட்டார். மீனின் நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தார்.

எனக்குக் கை சோற்றில் நின்றுவிட்டது. பதினோரு வருடத் தட்டைப் பற்றி ஹலினா எழுதிய கடிதம் பையில், என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

"நீங்கள் சாப்பிடுங்கோ அண்ணை" என்றார் பிலோமினா. பிறகு மகளைப் பார்த்து, "அப்பான்ரை கோப்பையை மூடி வை பிள்ளை. ஈ மொய்க்கப் போகுது" என்றார்.